வார்டுத் தேர்தலும் அரிவாளும்: சென்னை 2006-ஐ முன்வைத்து

2006 மே 8 அன்று சென்னை மாநகரம் சட்டமன்றத் தேர்தலில் வாக்களித்தது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சைதாப்பேட்டையிலும் மக்கள் வரிசையில் நின்றார்கள், விரலில் மை வைத்துக்கொண்டார்கள், வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பினார்கள். அங்கங்கே சில்லறைத் தகராறுகள் இருந்திருக்கலாம். ஆனால் அந்தத் தேர்தலை வன்முறைத் தேர்தல் என்று எந்தக் கட்சியும் சொல்லவில்லை.

ஐந்து மாதங்களுக்குப் பிறகு, அக்டோபர் 13 அன்று, அதே மக்கள் மாநகராட்சித் தேர்தலுக்காக அதே பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள். இம்முறை பல சாவடிகளில் கும்பல்கள் புகுந்தன. எதிர்த்தரப்பின் பூத் ஏஜென்ட்டுகள் அடித்து விரட்டப்பட்டதாகவும், கள்ள ஓட்டுகள் கட்டுக்கட்டாகப் போடப்பட்டதாகவும் புகார்கள் குவிந்தன. அ.தி.மு.க. உள்ளிட்ட எதிர்க்கட்சிகள் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடின. 2007 ஜனவரியில் வந்த தீர்ப்பில், எத்தனை இடங்களில் மறுதேர்தல் வேண்டும் என்பதில் இரு நீதிபதிகளும் மாறுபட்டார்கள். மறுதேர்தலே தேவையில்லை என்று சொல்லும் நிலையில் இருவருமே இல்லை. அதன் பிறகு ஆளும் தி.மு.க. கூட்டணியின் கவுன்சிலர்கள் கூட்டமாகப் பதவி விலக, 2007 பிப்ரவரியில் அந்த வார்டுகளில் மீண்டும் தேர்தல் நடந்தது.

ஒரே நகரம், ஒரே வாக்காளர் பட்டியல், ஒரே கட்சிகள், ஒரே ஆண்டு. ஒரு தேர்தல் அமைதியாகவும் மற்றொன்று கலவரமாகவும் முடிந்தது ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. தேர்தல் வன்முறையின் காரணங்களைத் தேடுவோர் வழக்கமாகக் கென்யாவுக்கோ ஐவரி கோஸ்டுக்கோ போய்விடுகிறார்கள். லஸ் முனையிலிருந்து பாண்டி பஜார் வரை நடந்தாலே அந்தக் கேள்விக்குப் போதுமான சான்று கிடைக்கும்.

கையிருப்பில் உள்ள விளக்கங்கள்

இளம் ஜனநாயகங்களில் தேர்தல் ஏன் இரத்தம் சிந்துகிறது என்பதற்கு ஆய்வுலகம் தரும் விளக்கங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, சமூகப் பிளவு: இனம், மதம், சாதி ஆகியவற்றின் பழைய பகை தேர்தல் நாளில் கிளர்ந்தெழுகிறது என்பது. இரண்டாவது, பந்தயத்தின் அளவு: வென்றவனுக்கு எல்லாம், தோற்றவனுக்கு ஒன்றுமில்லை என்ற ஆட்சிமுறையில் தோல்வியை யாரும் ஏற்பதில்லை. 2007 டிசம்பர் 27-இல் நடந்த கென்ய அதிபர் தேர்தலுக்குப் பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதற்கு இந்த இரண்டையும் சேர்த்தே காரணம் சொல்கிறார்கள். மூன்றாவது, அரசு இயந்திரத்தின் விருப்பம்: காவல் துறையைக் கையில் வைத்திருப்பவர்கள் வன்முறையைத் தடுக்க நினைத்தால் அது நடக்காது. இந்தியக் கலவரங்களை ஆராய்ந்த ஸ்டீவன் வில்கின்சன் 2004-இல் வெளியிட்ட நூலின் சாரம் ஏறத்தாழ இதுதான். கலவரத்தை அடக்குவதால் ஓட்டு கிடைக்கும் இடத்தில் மாநில அரசு அதை அடக்குகிறது. கிடைக்காத இடத்தில் கைகட்டி நிற்கிறது.

சென்னை 2006-க்கு முதல் விளக்கம் ஒத்துவரவில்லை. மோதியவர்கள் இரண்டு சாதியினரோ இரண்டு மதத்தினரோ அல்லர். பெரும்பாலும் ஒரே தெருவில் வளர்ந்து, வேறு வேறு கொடிக்கம்பத்தின் கீழ் நின்ற இளைஞர்கள் அவர்கள். படிப்பறிவின்மை, வறுமை என்ற பேச்சும் எடுபடாது. மே மாதத்துக்கும் அக்டோபருக்கும் இடையில் இந்த ஊரின் எழுத்தறிவு குறைந்துவிடவில்லை.

இரண்டாவது விளக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் விடை தலைகீழாக வருகிறது. பந்தயம் பெரிதாக இருந்தால்தான் வன்முறை என்றால், கோட்டையில் யார் உட்காருவது என்று தீர்மானித்த மே மாதத்தில் அல்லவா மண்டை உடைந்திருக்க வேண்டும்? தெருவிளக்கும் குப்பையும் பார்க்கும் மாநகராட்சிக்காக ஏன் உடைந்தது?

ஏழுக்கு ஏழு

முதலில் ஒரு கணக்கு. அப்போது சென்னை மாநகரில் 14 சட்டமன்றத் தொகுதிகள் இருந்தன. தி.மு.க.வின் கோட்டை என்று பெயரெடுத்த நகரம் இது. 1959-இல் அக்கட்சி முதன்முதலாகப் பெரிய அதிகாரம் ஒன்றைச் சுவைத்ததும் இந்த மாநகராட்சியில்தான். ஆனால் 2006 மே மாதம் அந்தக் கோட்டையில் விரிசல் கண்டது. தி.மு.க. கூட்டணிக்கு ஏழு, அ.தி.மு.க.வுக்கு ஏழு. மயிலாப்பூர், தியாகராய நகர், சைதாப்பேட்டை, திருவல்லிக்கேணி என நகரின் தெற்கும் நடுவும் பெரும்பாலும் அ.தி.மு.க. பக்கம் சாய்ந்தன. மாநிலத்தில் ஆட்சிக்கு வந்த கட்சி, தலைநகரில் பாதியை இழந்திருந்தது.

அடுத்தது விதி மாற்றம். 1996-லும் 2001-லும் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு முறையும் மு.க. ஸ்டாலின் வென்றார். 2006-இல் மேயரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கும் முறைக்குச் சட்டம் திரும்பியது. நேரடித் தேர்தலில் ஒரு வார்டில் நூறு ஓட்டு கூடினாலும் குறைந்தாலும், நகரம் முழுதும் இலட்சக்கணக்கில் எண்ணும்போது அது கரைந்துபோகும். மறைமுகத் தேர்தலில் 155 வார்டுகளும் 155 தனித்தனிப் போர்க்களங்கள். பாதிக்கு மேல் பிடித்தவருக்கு மேயர் அங்கி.

2001 மக்கள்தொகைக் கணக்கின்படி நகரில் சுமார் 43 இலட்சம் பேர். வார்டு ஒன்றுக்குச் சராசரியாக 28,000 பேர். வாக்காளர்கள் அதிலும் குறைவு. வந்து வாக்களிப்பவர்கள் இன்னும் குறைவு. பலமுனைப் போட்டியில் சில நூறு ஓட்டு வித்தியாசத்தில் வெற்றி கைமாறும். சட்டமன்றத் தொகுதி ஒன்றைத் திருட வேண்டுமென்றால் நூற்றுக்கணக்கான சாவடிகளில் வேலை செய்ய வேண்டும். வார்டைத் திருட நான்கைந்து சாவடிகளில் இரண்டு மணி நேரம் போதும். ஆகவே பந்தயத்தின் அளவை மட்டும் பார்த்தால் போதாது, திருட்டின் செலவையும் பார்க்க வேண்டும். சின்னத் தேர்தலில் வன்முறை மலிவான சரக்கு.

பந்தயமும் அப்படியொன்றும் சிறியதில்லை. தியாகராய நகர் என்ற பெயரே, சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த சர் பிட்டி தியாகராயரிடமிருந்து வந்தது. அவர் காலத்தில் ஏரியும் திடலுமாக இருந்த நிலம், இன்று ஒவ்வொரு சதுர அடியும் பணமாகும் கடைவீதி. நடைபாதைக் கடை, சாலை வெட்டு, கழிவுநீர் இணைப்பு, கூடுதல் மாடி என ஒவ்வொன்றுக்கும் உள்ளூரில் ‘கேட்டுக்கொள்ள வேண்டிய’ ஒருவர் இருக்கிறார் என்பதை இந்நகரில் வீடு கட்டிய எவரும் அறிவர். கவுன்சிலரின் சட்டப்படியான அதிகாரம் சொற்பம். சட்டத்துக்கு வெளியே அந்த நாற்காலிக்கு இருக்கும் மதிப்பு அவ்வளவு சொற்பமில்லை.

இங்கே ஒரு புதிரும் உண்டு. மாநிலத்தில் ஆட்சிக்கு வந்த கட்சியே உள்ளாட்சித் தேர்தலிலும் வெல்வது தமிழ்நாட்டில் பெரும்பாலும் நடப்பதுதான். 2007 மறுதேர்தலுக்குப் பிறகும் மாநகராட்சி தி.மு.க. கூட்டணியின் கையில்தான் இருந்தது, மா. சுப்பிரமணியன் 2011 வரை மேயராக இருந்தார். வன்முறை இல்லாமலே கிடைத்திருக்கக்கூடிய வெற்றிக்கு வன்முறை எதற்கு? கட்சித் தலைமையின் கண்ணோட்டத்தில் பார்த்தால் இது முட்டாள்தனம். அந்த நாளில் கட்சிக்கு வந்த கெட்ட பெயரும், நீதிமன்றத்தில் பட்ட அவதியும் சேர்ந்து நட்டக்கணக்கே. வார்டு வேட்பாளரின் கண்ணோட்டத்தில் பார்த்தால் கணக்கு மாறுகிறது. கட்சி நூறு வார்டுகளில் வென்று இவர் ஒருவர் தோற்றால் இவருக்கு என்ன மிச்சம்? வட்டச் செயலாளராக இருபது வருடம் சுவரொட்டி ஒட்டியவருக்கு இது வாழ்நாள் வாய்ப்பு. 1973-இல் கலைக்கப்பட்ட மாநகராட்சி மன்றம் 1996 வரை கூடவே இல்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 23 ஆண்டுகள் பூட்டிக் கிடந்த கதவு அது. எப்போது மறுபடி பூட்டும் என்று யாருக்கும் தெரியாது. பின்னாளில் 2016 முதல் 2022 வரை மீண்டும் பூட்டித்தான் கிடந்தது.

ஏஜென்ட் என்ற இலக்கு

தேர்தல் வன்முறை என்றதும் வாக்காளரை மிரட்டி விரட்டும் காட்சிதான் மனக்கண்ணில் எழும். சென்னை 2006-இன் புகார்களைக் கூர்ந்து பார்த்தால் முதன்மையான இலக்கு வாக்காளரே இல்லை. சாவடிக்குள் பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர் உண்மையான ஆள்தானா என்று பட்டியலைப் பார்க்கிற எதிர்க்கட்சி ஏஜென்ட்தான் இலக்கு. அவரை அகற்றிவிட்டால் மீதி வேலையைப் பேனாவும் பட்டியலும் பார்த்துக்கொள்ளும்.

பட்டியலில் ஆட்களும் தாராளமாகக் கிடைப்பார்கள். நகரின் தெற்கிலும் நடுவிலும் வாக்களிப்பு எப்போதும் மந்தம். மந்தைவெளியில் விற்கப்பட்ட தனிவீடு அடுக்குமாடியாகிப் பத்து ஆண்டு ஆனபின்னும் பழைய குடும்பத்தார் பெயர் பட்டியலில் நிற்கும். பிள்ளைகள் கலிபோர்னியாவில், பெற்றோர் ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே. வீடு வீடாக பூத் சிலிப் கொடுக்கப் போகும் கட்சிக்காரருக்கு, எந்தக் கதவில் பூட்டு தொங்குகிறது என்பது அஞ்சல்காரரைவிட நன்றாகத் தெரியும். 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் மாநிலம் முழுவதும் சுமார் 60.7 விழுக்காடு வாக்குகள் பதிவாயின. சென்னையில் சுமார் 43.6 மட்டுமே. பட்டியலில் உள்ள நூறு பேரில் ஐம்பத்தாறு பேர் வராத தேர்தல் அது. வராதவர்களின் பெயர்களே கள்ள ஓட்டின் மூலப்பொருள். ‘அரசியல் சாக்கடை’ என்று வீட்டிலிருக்கும் நடுத்தர வர்க்கம் வன்முறைக்கு வெளியே நிற்பதாக எண்ணுகிறது. உண்மையில் அது சரக்கு வழங்கும் இடத்தில் நிற்கிறது.

‘சர்கார்’ படம் 2018-இல் வந்து 49பி விதியை ஊரறியச் செய்தது. நம் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டால் நாம் தனிச்சீட்டில் வாக்களிக்கலாம் என்கிறது அந்த விதி. அதைக் கேட்டு வாங்கவும் சாவடிக்கு நேரில் போக வேண்டும் என்பதைத் திரையரங்கில் கைதட்டியவர்களில் எத்தனை பேர் யோசித்தார்களோ.

சட்டம் இந்த நுட்பத்தை முன்பே புரிந்துவைத்திருக்கிறது. 1989-இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 135ஏ பிரிவு, நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களில் சாவடியைக் கைப்பற்றுவது என்றால் என்னவென்று வரையறுக்கிறது. அதில் சாதாரண மனிதருக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. அரசுப் பணியாளருக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு. உள்ளேயிருந்து கதவு திறந்துவிடும் கை ஒன்று இருக்கும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் ஊகித்திருக்கிறார்கள்.

பால் கோலியரும் பெட்ரோ விசென்டேயும் நைஜீரியாவின் 2007 தேர்தலை ஆராய்ந்து, வன்முறை பலவீனமான தரப்பின் ஆயுதம் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆளும் தரப்புக்குப் பணமும் மோசடியும் கைவசம் இருப்பதால் அடிதடி தேவைப்படுவதில்லை என்பது அவர்கள் வாதம். சென்னையில் குற்றச்சாட்டு ஆளும் கூட்டணியின் மீதே வந்தது. இங்கே வன்முறை மோசடிக்கு மாற்றாக வரவில்லை. மோசடிக்குக் கதவு திறக்கும் சாவியாக வந்தது. அந்தச் சாவி, காவலர் கண்ணை மூடிக்கொள்வார் என்று நம்புகிறவரிடம்தான் இருக்க முடியும். இதில் ஒரு கட்சியை மட்டும் குறை சொல்லவும் வழியில்லை. 2002 மே மாதம் அ.தி.மு.க. ஆட்சியில் நடந்த சைதாப்பேட்டை இடைத்தேர்தலிலும் இதே வகைப் புகார்கள், திசை மட்டும் மாறி, எழுந்தன.

சிறு தேர்தல்களின் வரிசை

தமிழர் வாழும் நிலங்களில் தேர்தலை ஒட்டி நடந்த பெரும் வன்முறைகளை வரிசைப்படுத்தினால் ஓர் ஒற்றுமை கண்ணில் படுகிறது. 1957-இல் முதுகுளத்தூர் எரிந்தது பொதுத்தேர்தலின்போது அன்று; முத்துராமலிங்கத் தேவர் விட்டுக்கொடுத்த சட்டமன்ற இடத்துக்கு ஜூலையில் நடந்த இடைத்தேர்தலை ஒட்டி. மாவட்ட ஆட்சியர் கூட்டிய அமைதிப் பேச்சுவார்த்தைக்கு மறுநாள், செப்டம்பர் 11 அன்று, பரமக்குடியில் தலித் தலைவர் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். 1981 மே 31 இரவு தொடங்கிய வெறியாட்டத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது, ஜூன் 4-இல் நடக்கவிருந்த மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்காக. அதிகாரம் பெரிதாக ஒன்றும் இல்லாத அந்தச் சபைக்காக 97,000 நூல்கள் சாம்பலாயின. மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று முருகேசனும் அவரோடு இருந்த சிலரும் வெட்டிக் கொல்லப்பட்டது ஓர் ஊராட்சித் தலைவர் பதவிக்காக.

இவற்றை ஒரே கயிற்றில் கட்டிவிடக் கூடாது. மேலவளவில் நடந்தது, தனித்தொகுதியில் வென்ற தலித் தலைவரின் வெற்றியை இரத்தத்தால் அழிக்கும் சாதிக் கொலை. யாழ்ப்பாணத்தில் காவல் சீருடை அணிந்தவர்களே கொள்ளி வைத்தார்கள். சென்னையில் நடந்ததை இவற்றோடு துன்பத்தில் ஒப்பிடுவதே அபத்தம். நோக்கமும் வேறு: சென்னை வன்முறை ஒரு முடிவை உருவாக்க முயன்றது, மேலவளவு வன்முறை வந்துவிட்ட முடிவைத் துடைக்க முயன்றது.

ஆயினும் களம் ஒன்றுதான். தேசத்தின் கண் படாத சின்னத் தேர்தல். யாழ்ப்பாணம் நீங்கலாக, அடித்தவரும் அடிபட்டவரும் ஒருவரையொருவர் முகமறிந்த ஊர். தீர்ப்பு சொல்ல வேண்டிய அதிகாரம் உள்ளூர்க்காரரின் கையில். மேற்கு வங்கத்தின் 2018 ஊராட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில் போட்டியே இல்லாமல் போனதும் இந்த வரிசையில் சேரும். அங்கே வன்முறை, வாக்குப்பதிவு வரை காத்திருக்கவில்லை. வேட்புமனுவிலேயே வேலையை முடித்துவிட்டது.

யாருடைய காவல்?

மே மாதத் தேர்தலை நடத்தியது இந்தியத் தேர்தல் ஆணையம். அதன் மாநில முகமாகத் தலைமைத் தேர்தல் அதிகாரி நரேஷ் குப்தா இருந்தார். காவல் ஆணையரை மாற்ற வேண்டுமென்றால் தில்லியிலிருந்து ஒரு வரி வந்தால் போதும். பார்வையாளர்கள் வெளிமாநிலத்தவர், துணை ராணுவமும் வெளியூர்ப் படை. உள்ளூர் அமைச்சரின் முகம் அவர்களுக்குத் தெரியாது, அவர் தயவும் தேவையில்லை. 1990-களில் டி.என். சேஷன் இந்த அமைப்புக்கு ஏற்றிவைத்த அச்சம் அதற்குள் அதன் இயல்பாகவே ஆகியிருந்தது.

அக்டோபர் தேர்தலை நடத்தியது மாநிலத் தேர்தல் ஆணையம். 74-ஆம் அரசியல் சட்டத் திருத்தம் அதற்கு ஏட்டளவில் அதே தன்னாட்சியைத் தந்திருக்கிறது. நடைமுறையில் ஊழியர்கள் மாநில அரசிடமிருந்து கடனாக வருகிறவர்கள். காவலர்கள் தேர்தல் முடிந்த மறுநாளே பழைய எசமானரிடம் திரும்ப வேண்டியவர்கள். சென்னை வாக்களித்து ஆறு நாள் கழித்து, 2006 அக்டோபர் 19 அன்று, அகமதாபாத் மாநகராட்சி பற்றிய கிஷன்சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, மாநில ஆணையங்களுக்கும் இந்தியத் தேர்தல் ஆணையத்துக்கு நிகரான அதிகாரம் உண்டு, மாநில அரசுகள் அவற்றுக்கு ஒத்துழைத்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒரு வாரம் முந்தியிருக்கலாம் என்று நினைக்கத் தோன்றும். முந்தியிருந்தாலும் என்ன மாறியிருக்கும் என்பது வேறு கேள்வி.

அமைப்பு மட்டுமே காரணம் என்று முடிவுகட்டுவதற்குமுன் மதுரைப் பக்கமும் பார்க்க வேண்டும். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய தனி ஊராட்சிகளில் ஆதிக்க சாதியினரின் எதிர்ப்பால் 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தல் நடக்கவே இல்லை, அல்லது வென்றவர்கள் உடனே பதவி விலகினார்கள். அங்கே தலித் தலைவர்கள் முறையாகத் தேர்வானது இதே 2006 அக்டோபரில், இதே மாநில ஆணையத்தின் கீழ், இதே ஆட்சியில். மாவட்ட ஆட்சியர் த. உதயச்சந்திரன் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அரசு அவர் பின்னால் நின்றது. அடுத்த மாதம் அந்தத் தலைவர்களைச் சென்னைக்கு அழைத்து ‘சமத்துவப் பெருவிழா’ எடுத்தார் முதல்வர் கருணாநிதி. பத்தாண்டுப் பகையைத் தணிக்க முடிந்த நிர்வாகம், தலைமைச் செயலகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த பள்ளிக்கூடங்களைக் காக்கவில்லை. பாப்பாபட்டியில் அமைதி அரசுக்குப் பெருமை சேர்த்தது. சென்னையில் அமைதி யாருக்கு என்ன சேர்த்திருக்கும் என்று கேட்டால், வில்கின்சனின் வாதம் கலவரத்தைக் கடந்து வாக்குச்சாவடி வரை செல்லுபடியாவது தெரியும்.

கவர் வந்த பிறகு

மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் சாவடிக் கொள்ளையின் வேகத்தைக் குறைத்தது. நிமிடத்துக்கு நான்கைந்து ஓட்டுக்கு மேல் அது பதியாது. சீட்டில் முத்திரை குத்துவதுபோல அடுக்கித் தள்ள முடியாது. அதற்கிடையில், கவரில் பணம் வைத்து ஓட்டு வாங்கும் வேறொரு முறை வளர்ந்துவிட்டது. 2009 ஜனவரி திருமங்கலம் இடைத்தேர்தல் ‘ஃபார்முலா’ என்ற சொல்லையே அரசியல் அகராதியில் சேர்த்தது. பணப் பட்டுவாடாவைக் காரணம் காட்டி 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலையும், 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தலையும் ஆணையம் ரத்து செய்தது. அரிவாள் இருந்த இடத்தில் கவர் வந்தது வளர்ச்சி என்று சிலர் சொல்லக்கூடும். மண்டை உடையாததால் அது ஓரளவு உண்மையும்கூட. ஆனால் கவர் நேற்றைய அரிவாளின் வேலையைத்தான் செய்கிறது: முடிவை வாக்குப்பதிவுக்கு முன்பே வாங்கிவைப்பது.

அரிவாள் முழுதாக ஓய்வு பெற்றுவிடவும் இல்லை. 2022 பிப்ரவரி 19 அன்று, அடையாறை ஒட்டிய பெசன்ட் நகரில், 179-ஆவது வார்டின் ஓடைக்குப்பம் சாவடியில் கும்பல் ஒன்று புகுந்து வாக்குப்பதிவு இயந்திரத்தை உடைத்தது. கடற்கரை நிழற்சாலைகளின் பெரிய வீடுகளும் மீனவர் குப்பமும் சேர்ந்த பகுதி அது. சென்னையில் மறுவாக்குப்பதிவுக்கு உத்தரவான இரண்டு சாவடிகளில் ஒன்று அது. மற்றொன்று வடசென்னையின் 51-ஆவது வார்டில். பிப்ரவரி 21, திங்கட்கிழமை, ஓடைக்குப்பத்து மக்கள் மறுபடி வரிசையில் நின்றார்கள். சனிக்கிழமை வைத்த மை அழிந்திருக்காது என்பதால், இம்முறை வேறொரு விரலை நீட்ட வேண்டியிருந்தது.